ஏறுமுன் சாப்பிட்டாயா?

ஜனவரி 11

அன்புள்ள குருவிக்கு அண்ணன் எழுதுவது.

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தேன் என்று போனில் சொன்னாய். அதற்கு அடுத்த பேச்சிலேயே நமக்குள் சண்டை. போனில் பேசினால் நமக்கு ஆகாது என்பது உறவுக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அதனால் அண்ணி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: இனிமேல் கடிதம், போன் அவசரத்துக்கு மட்டும். "எழுதும்போதாவது நடுவுல மூச்சு விட்டு யோசிப்பீங்க" என்கிறாள். முதல் டிரிப் முடிந்து, கடைசி நிறுத்தத்தில் பஸ்ஸைப் போட்டுவிட்டு, ஸ்டியரிங் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் ஒரு சண்டை ஆரம்பிக்காதே.

இங்கே எனக்கும் அண்ணிக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அண்ணி வேலை செய்யும் மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்று முழங்கால் வலி என்கிறாள். அவள் விற்கும் தைலத்தையே அவள் நம்புவதில்லை.

உன்னைக் கிரேன் ஓட்டும் பயிற்சிக்கு அனுப்பியபோது பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாரும் முறைவைத்து வந்து எனக்கு வகுப்பெடுத்தார்கள். "அம்மா அப்பா இல்லாத பிள்ளைய அவ்வளவு உயரத்துல கொண்டுபோய் உட்கார வைக்கிறியே, உனக்குப் புத்தி இருக்கா?" என்றார்கள். இருக்கிறது என்றேன். அந்தப் பதிலை நீதான் காப்பாற்ற வேண்டும்.

ஆகவே ஒரே ஒரு உபதேசம். காலையில் சாப்பிடாமல் கிரேன் ஏணியில் கால் வைக்காதே. சின்ன வயதிலிருந்தே நீ தட்டைக் கொத்திவிட்டு எழுந்து போகிறவள். குருவி என்று பேர் வைத்ததே அதனால்தான். எங்கள் டிப்போவில் ஒருவன் வெறும் வயிற்றோடு வண்டியை எடுத்து, கண் இருட்டி, பயணிகள் நிழற்குடைக்குள் பஸ்ஸை விட்டான். நல்ல வேளை, உள்ளே ஆள் இல்லை. ராத்திரி சாப்பிட்டதெல்லாம் தூக்கத்திலேயே செலவாகிவிடும், காலையில் டேங்க் காலி. நான் முட்டையும் ரொட்டியும் பழமும் உள்ளே போகாமல் சாவியைத் தொடுவதில்லை.

எங்கள் கண்டக்டரம்மாவுக்கு இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. டிப்போவில் டப்பாவைத் திறந்து நீட்டினால், "வேணாம்ணே, பழக்கமில்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். டயட்டாம்! நீ அந்த ஃபேஷனெல்லாம் பழகிக்கொண்டு வராதே.

சாப்பிட்டதை எழுது. ஒளிக்காமல் எழுது.

அன்புடன்,
அண்ணன்


ஜனவரி 30

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும் தங்கையின் வணக்கம்.

நான் சௌக்கியம். அண்ணியின் முழங்காலுக்கு என் அனுதாபம், தைலத்துக்கும்தான்.

தங்கியிருக்கும் பெண்கள் விடுதி சுத்தமாக இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், கையை நீட்டினால் தொடலாம். அறைத்தோழி ஒரு நர்ஸ். ராத்திரி டியூட்டி முடிந்து, நான் எழுந்திருக்கும் நேரத்துக்கு வருவாள். அவள் செருப்பைக் கழற்றும் சத்தம்தான் எனக்கு அலாரம்.

கிரேன் கேபின் நம் வீட்டுச் சமையலறை அலமாரியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். முன்னால் கண்ணாடி, காலடியிலும் கண்ணாடி. இரண்டு கைக்கும் இரண்டு லீவர். கீழே மனிதர்கள் மஞ்சள் தொப்பிகளாகத்தான் தெரிகிறார்கள். முகம் தெரியாது, வாக்கி-டாக்கியில் குரல் மட்டும் வரும். எனக்கு சிக்னல் சொல்கிறவரை எல்லாரும் 'விசில்' என்று கூப்பிடுகிறார்கள். அவர் "மேலே... இன்னும் மேலே... இடது... மெதுவா... போதும்" என்பார், நான் செய்வேன். சொன்னபடி கேட்டு நடக்க உங்கள் வீட்டில் நல்ல பயிற்சி கொடுத்திருக்கிறீர்கள்.

காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குகிறேன். கிரேன் நின்றால் மொத்தக் கட்டடமும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நான் நடுவில் இறங்குவதில்லை என்பதில் சைட் இன்ஜினியருக்கு ரொம்பத் திருப்தி.

உங்கள் கேள்விக்குப் பதில். விடுதியில் காலையில் அவித்த முட்டை, ரொட்டி, வெண்ணெய், வாழைப்பழம், பால் எல்லாம் கொடுக்கிறார்கள். ரொட்டியில் வெண்ணெயை ஓரம்வரை தடவி, முட்டையை நசுக்கி நடுவில் வைத்து, மிளகுத்தூள் தூவி ஒரு கடி. பழத்தை வட்ட வட்டமாக நறுக்கிப் பாலில் போட்டு, கரண்டியால் அள்ளி அள்ளிக் கடைசிச் சொட்டுவரை. தட்டில் துகள்கூட மிச்சமில்லை. திருப்திதானே?

தொப்பி போட்டு எடுத்த படம் ஒன்று வைத்திருக்கிறேன். பெரியப்பாவிடம் காட்டுங்கள்.

உங்கள்,
தங்கை


பிப்ரவரி 19

அன்புள்ள குருவிக்கு,

நலம். உன் நலத்துக்கு இந்த முறை அத்தாட்சியே வந்துவிட்டது. முட்டை வர்ணனையைப் படித்து எனக்கே மறுபடி பசித்தது.

உன் கடிதத்தை டிப்போவில் எல்லாருக்கும் கேட்கும்படி படித்தேன். படம் கைமாறிக் கைமாறி எண்ணெய்ப் பிசுக்கோடு திரும்பி வந்தது. கண்டக்டரம்மா ரொம்ப நேரம் பார்த்தார். "மதியம்வரைக்கும் இறங்கவே மாட்டாங்களா?" என்று கேட்டார். "என் தங்கச்சின்னா சும்மாவா!" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் டிக்கெட் மெஷினைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். ஆச்சரியத்தில் பேச்சு வரவில்லை போலும். "பாருங்க, அவ சாப்பிட்டுட்டு ஏறுறா, நீங்களும் இருக்கீங்களே" என்று ஒரு குத்தும் குத்தினேன்.

பெரியப்பாவுக்குப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டிப் பார்த்துவிட்டு, "தொப்பி நல்லாத்தான் இருக்கு" என்றார். அவரிடமிருந்து இதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது.

இப்படியே சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

(ஓரத்தில் அண்ணி: உனக்குப் பாலில் பழம் போட்டால் குமட்டுமே? கல்யாணமாகி வந்த புதிதில் ஆசையாகச் செய்து கொடுத்து, நீ வாசலுக்கு ஓடியது எனக்கு மறக்கவில்லை. இன்னொன்று. படத்தில் உன் உதடு வெடித்திருக்கிறது. தண்ணீர் குடிக்கிறாயா?)


மார்ச் 14

அன்புள்ள அண்ணா, அண்ணி,

நலமாகவே இருக்கிறேன். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

ஊர் மாறினால் நாக்கும் மாறும் அண்ணி. இப்போது பாலும் பழமும் பிடித்துப்போய்விட்டது.

இந்த மாதம் காற்று அதிகம். காற்று ஒரு அளவைத் தாண்டினால் கேபினில் மணி அடிக்கும், வேலையை நிறுத்திவிட வேண்டும். கட்டடம் வளர வளர கிரேனையும் உயர்த்துகிறார்கள். ஏணி நீண்டுகொண்டே போகிறது. உச்சியில் வெயில் நேராகக் கண்ணாடியில் இறங்குவதால் அவ்வப்போது தலைவலி வருகிறது. மற்றபடி ஒன்றுமில்லை. விசில் என்னைப் பற்றி நல்லபடியாகச் சொல்கிறாராம். கான்கிரீட் தொட்டியை ஒரு சொட்டு சிந்தாமல் இறக்குகிறேன் என்று.

காலைச் சாப்பாடு வழக்கம்போல. முட்டை, ரொட்டி, பழம், பால்.

இன்னொரு படம் கேட்பீர்கள் என்று தெரியும், இப்போது நேரமில்லை. பிறகு அனுப்புகிறேன்.

தங்கை


ஏப்ரல் 3

அன்புள்ள குருவிக்கு,

தலைவலி என்று எழுதியிருக்கிறாய். வெயிலாக இருக்காது. நீ சாப்பிடும் அளவு போதவில்லை, அதுதான் விஷயம். வேலை கூடினால் தீனியும் கூட வேண்டாமா? வறுத்த வேர்க்கடலையும் பேரீச்சம்பழமும் ஒரு டப்பா நிறைய அனுப்பியிருக்கிறேன். முட்டைக்குப் பதிலாக அல்ல, முட்டையோடு சேர்த்து. ஏறுமுன் ஒரு கைப்பிடி, மேலே போய் ஒரு கைப்பிடி.

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. அண்ணி இரண்டு நாளாக உன் பேச்சையே எடுத்துக்கொண்டிருக்கிறாள். என்னவென்று கேட்டால், "உங்களுக்குப் புரியாது" என்கிறாள். பஸ் ஓட்டுகிறவனுக்குப் புரியாத விஷயம் என்ன இருக்கிறது?

டப்பா கிடைத்ததும் எழுது.

அண்ணன்

(ஓரத்தில் அண்ணி: நான் கேட்டது தண்ணீரைப் பற்றி. பதில் வரவில்லை.)


மே 7

குருவி,

நீ நலமா? உடம்பு நன்றாக இருக்கிறதா? இந்த முறை மரியாதைக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

டப்பா கிடைத்ததா என்றுகூட எழுதவில்லை. அவசரத்துக்கென்று வைத்த போனைக் கையில் எடுத்தேன். நீ எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. ராத்திரி "நல்லா இருக்கேன், எழுதறேன்" என்று ஒரு செய்தி வந்தது. அதை வைத்து நான் என்ன செய்ய? நேற்று ஒரு நிறுத்தத்தில் நிற்காமலே போய்விட்டேன். பயணிகள் கத்திய பிறகுதான் தெரிந்தது. கண்டக்டரம்மா, "என்னண்ணே ஆச்சு?" என்றார். "தங்கச்சி கடுதாசி போடல" என்றேன்.

என்ன இருந்தாலும் சொல். திட்டமாட்டேன்.

அண்ணன்


மே 15

அன்புள்ள அண்ணா,

முதலில் ஒன்று: எனக்கு அடி எதுவும் படவில்லை. யாருக்கும் படவில்லை.

போன மாதக் கடைசியில், கம்பிக் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டிருந்தபோது எனக்குக் கண் இருட்டிவிட்டது. கை லீவரிலிருந்து நழுவியது. கையை விட்டால் லீவர் தானாக நடுவுக்கு வந்து கிரேன் நின்றுவிடும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் கட்டு நின்ற வேகத்தில் ஆட ஆரம்பித்தது. அதற்கு நேர் கீழே கொத்தனார்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். விசில் கத்தி அவர்களை விரட்டியிருக்கிறார். எனக்கு அது எதுவும் கேட்கவில்லை. அவர் ஏறி வந்தபோது நான் கண்ணாடியில் தலை சாய்த்துக் கிடந்தேனாம்.

உடம்பில் தண்ணீரும் இல்லை, சர்க்கரையும் இல்லை என்றார் டாக்டர். "காலையில என்ன சாப்பிட்டே?" என்று கேட்டார். அவரிடம் பொய் சொல்ல முடியவில்லை. அதனால் உங்களிடமும் சொல்லிவிடுகிறேன். நான் காலையில் சாப்பிடுவதில்லை, அண்ணா. வந்த முதல் வாரத்திலிருந்தே இல்லை. நீங்கள் அனுப்பிய டப்பாவும் அப்படியே இருக்கிறது.

இப்போது என்னைக் கீழே சாமான் கிடங்கில் உட்கார வைத்திருக்கிறார்கள். மறுபடி கிரேனில் ஏற்றலாமா, வேலையை விட்டு அனுப்பலாமா என்று ஜூன் கடைசியில் கூடிப் பேசி முடிவு சொல்வார்களாம்.

காலையில் எனக்குப் பசிப்பதில்லை. காரணம் அவ்வளவுதான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

தங்கை


மே 22

தங்கைக்கு,

திட்டமாட்டேன் என்று எழுதியிருந்தேன். அந்த வாக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பசிப்பதில்லையாம்! இது ஒரு காரணமா? அந்தக் கம்பிக் கட்டுக்குக் கீழே நின்றவர்களின் வீட்டில் போய் இதைச் சொல்வாயா? ஒல்லியாக இருக்க வேண்டும், அதுதானே? இல்லை, எழுந்திருக்கச் சோம்பல். இல்லை, அண்ணன் சொல்லி நான் ஏன் கேட்க வேண்டும் என்ற திமிர். முட்டையை நசுக்கினேன், மிளகுத்தூள் தூவினேன் என்று கதை கதையாக எழுதினாயே, அதை நான் டிப்போ முழுக்கக் கேட்கும்படி படித்தேனே!

வெறும் வயிற்றோடு வண்டி எடுக்கும் டிரைவரை நான் பக்கத்தில் சேர்க்கமாட்டேன். தங்கை என்பதற்காக விதியை மாற்ற முடியாது. ஜூன் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அவர்கள் கூடிப் பேசி முடிவு சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன். பெட்டியைக் கட்டிவை.

நீ விழுந்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று யோசித்தாயா?

அண்ணன்


மே 28
(மருந்துக் கடை முகவரிக்கு)

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? வீட்டுக்கு எழுதினால் அண்ணன் பிரித்துவிடுவார், அதனால் கடைக்கு எழுதுகிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை.

நீங்கள் தண்ணீரைப் பற்றிக் கேட்டபோதே உங்களுக்குப் பாதி தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கேபினில் பாத்ரூம் கிடையாது. ஆண்கள் மேலே ஒரு பாட்டில் வைத்துக்கொள்கிறார்கள். நான் என்ன செய்ய? பெண்களுக்கான பாத்ரூம் ஆபீஸுக்குப் பின்னால், கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாவி ஸ்டோர்காரரிடம். வந்த முதல் வாரம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் ஏறினேன். வெயில் ஏறும் நேரத்தில் தாங்க முடியாமல் இறங்கினேன். கீழே கான்கிரீட் வண்டி வந்து நின்றிருந்தது. வாக்கி-டாக்கியில் யாரோ, "மேடம் இறங்கறாங்க, எல்லாரும் ரெஸ்ட் எடுங்க" என்றார்கள். எல்லா மாடியிலிருந்தும் சிரிப்பு. ஏணியில் இறங்கி முடிக்கும்வரை அந்தச் சிரிப்பு என் இடுப்பிலேயே தொங்கிய வாக்கி-டாக்கியிலிருந்து வந்துகொண்டிருந்தது. சாவி கேட்டால் ஸ்டோர்காரர், "இப்பத்தானே வேலைய ஆரம்பிச்சீங்க?" என்றார். ஓடினேன் அண்ணி. அத்தனை பேர் பார்க்க, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

மறுநாளிலிருந்து காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, குடிக்கவும் இல்லை. அப்புறம் இறங்க வேண்டியிருக்கவில்லை. இன்ஜினியர் பாராட்டினார்.

நான் எழுதிய முட்டை, ரொட்டி, பாலில் பழம் எல்லாம் நிஜம். சாப்பிட்டது மட்டும் நான் இல்லை. என் தட்டை நர்ஸுக்குக் கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து அவள் சாப்பிடுவதைப் பார்ப்பேன். பசிக்காது என்று அண்ணனுக்கு எழுதினேனே, அதைவிடப் பெரிய பொய் கிடையாது. அவள் வெண்ணெய் தடவும்போது எனக்கு நாக்கில் நீர் ஊறும்.

எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது அண்ணி. நன்றாகச் செய்கிறேன். ஆனால் இதை எப்படி அண்ணனிடம் சொல்வது? அவர் தோளில் தூக்கி வளர்த்தவர், அவரிடம் போய் இதையா? நீங்களும் சொல்லிவிடாதீர்கள். எப்படியாவது அவர் வராமல் தடுத்தால் போதும்.

உங்கள்,
குருவி


ஜூன் 5

என் செல்லக் குருவிக்கு அண்ணி எழுதுவது. முழங்காலை விடு, அது என்னோடுதான் இருக்கும்.

சொல்லாதீர்கள் என்றாய். சொல்லிவிட்டேன்.

உன் அண்ணன் காலையில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, உன்னைக் கூட்டிக்கொண்டு வர எந்த ரயில் என்று பேசிக்கொண்டிருந்தார். முதலில் நாசூக்காக ஆரம்பித்தேன். பெண்களுக்குச் சில சிரமங்கள் உண்டு என்றேன். "ஆமா, மூட்டு வலி" என்றார். இந்த மனுஷனுக்கு நாசூக்கு ஏறாது என்று பட்டென்று சொன்னேன். "மேல கக்கூஸ் இல்லைங்க. கீழ வந்தா சிரிக்கறாங்க. அதனால அவ திங்கறதும் இல்ல, குடிக்கறதும் இல்ல."

காது சிவந்துவிட்டது. முட்டையைக் கையில் பிடித்தபடியே இருந்தார். அதைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு, "ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார்.

"சொல்ற மாதிரி ஆளா நீங்க? சாப்பிட்டியான்னு மிரட்டத்தானே தெரியும்?" என்றேன். கொஞ்சம் அதிகப்படிதான், ஆனால் எனக்கும் கோபம் வந்தது. நான் மருந்துக் கடையில் சேர்ந்த புதிதில் அங்கேயும் வசதி கிடையாது. மதியம் வீட்டுக்கு ஓடிவருவேன். சாப்பாட்டுக்குத்தான் வந்தேன் என்று இவர் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

அன்றைக்குச் சாப்பிடாமலே வேலைக்குப் போனார். இத்தனை வருஷத்தில் நான் அதைப் பார்த்ததில்லை. அதன் பிறகு நடந்ததை அவரே எழுதட்டும். ராத்திரி காகிதத்தை எடுப்பதும் கிழிப்பதுமாக இருக்கிறார்.

நீ வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை. தண்ணீர் குடி.

அண்ணி


ஜூன் 17

அன்புள்ள தங்கைக்கு,

நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நாங்கள் நலம்.

அண்ணி ஒரு விஷயம் சொன்னாள். அந்த விஷயத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, உனக்குத் தெரியும், எனக்கும் இப்போது தெரியும். வேறு ஒன்று எழுதுகிறேன்.

அன்றைக்குக் கடைசி நிறுத்தத்தில் பயணிகள் எல்லாரும் இறங்கிய பிறகு, கண்டக்டரம்மாவிடம் ஒன்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. "தப்பா நினைக்காதீங்க... டிரிப்புக்கு நடுவுல நீங்க... எங்க போவீங்க?" என்றேன். அவர் டிக்கெட் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "எங்கயும் போறதில்லண்ணே. அதனாலதான் சாப்பிடறதில்ல" என்றார்.

நானோ வண்டியை நிறுத்தியதும் சுவர்ப் பக்கமாகப் போய்விட்டு வருகிறவன். அவருக்கும் ஒரு வழி வேண்டுமே என்று ஒருநாளும் என் மண்டையில் ஏறியதில்லை. தினமும் டப்பாவை நீட்டினேன். டயட் என்று கேலி செய்தேன். உன் கடிதத்தைப் படித்துக் காட்டி அவரைக் குத்தினேன். படிக்கும்போதே அவருக்குத் தெரிந்திருக்கிறது. "தங்கச்சி சாப்பிடலன்னு அன்னிக்கே நினைச்சேன்ணே, எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றார். சாப்பிட்டாயா என்று இரண்டு பேரையும் எத்தனை முறை கேட்டிருப்பேன்! ஏன் சாப்பிடவில்லை என்று கேட்கத் தோன்றவில்லையே. எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது, குருவி.

கடைசி நிறுத்தத்தில் டைம்கீப்பர் அறைக்குப் பின்னால், பெண்களுக்கென்று எப்போதோ கட்டிய ஒரு அறை உண்டு. துடைப்பமும் பழைய டயரும் போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள். பெண் கண்டக்டர்கள் எல்லாரும் டிப்போ மேனேஜரிடம் போனார்கள். நானும் கூடப் போய் நின்றேன். பேசியது அவர்கள்தான், எனக்கு வாய் வரவில்லை. திறந்து கொடுத்துவிட்டார். டயரை நானே உருட்டி வெளியே போட்டேன். குழாயைச் சரிசெய்ய ஆள் வந்தது. உள்பக்கத் தாழ்ப்பாள் மட்டும் நான் கடையில் பார்த்து வாங்கிப் பொருத்தினேன். நல்ல கனமான தாழ்ப்பாள். வெளியிலிருந்து எவ்வளவு இடித்தாலும் அசையாது, நானே இடித்துப் பார்த்தேன்.

லீவை ரத்து செய்துவிட்டேன். உன்னைக் கூட்டிக்கொண்டு போக வரவில்லை. பெட்டியைக் கட்டியிருந்தால் பிரித்துவிடு. அவர்கள் கூடும்போது உனக்கு வேண்டியதைக் கேள். என்னை மாதிரி மென்று முழுங்காதே. முடியாது என்று சொன்னால் தாராளமாக வீட்டுக்கு வா. பெரியப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

முன்பு எழுதிய கோபக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

அண்ணன்


ஜூலை 12

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

நலம். இந்தத் தடவை தைரியமாக எழுதலாம், நிஜமாகவே நலம்.

கூட்டம் நடந்தது. நீள மேசையைச் சுற்றி எல்லாரும் ஆண்கள். கம்பெனி டாக்டர் பாதி நேரம் காலைச் சாப்பாட்டின் அருமையைப் பற்றிப் பேசினார். புரதம் வேண்டும், பழம் வேண்டும், தண்ணீர் வேண்டும் என்றார். உங்கள் கடிதத்தைப் பார்த்துப் படிக்கிறாரோ என்று சந்தேகமாக இருந்தது. முடித்துவிட்டு, "இனிமே ஒழுங்கா சாப்பிடுவியாம்மா?" என்று கேட்டார்.

"சாப்பிடுவேன் சார். சாப்பிட்டா கக்கூஸ் போகணும். அதுக்கு வழி சொல்லுங்க" என்றேன்.

ஒருவர் தண்ணீர் டம்ளரை எடுத்துவிட்டுக் குடிக்காமல் கீழே வைத்தார். இன்ஜினியர் மெதுவாக, மற்ற ஆப்பரேட்டர்கள் எப்படியோ சமாளிக்கிறார்கள் என்றார். "அவங்க சமாளிக்கற விதம் எனக்கு ஒத்துவராது சார், உங்களுக்கே தெரியும்" என்றேன். நடுவில் கிரேன் நின்றால் வேலை கெடும், வேறு ஆள் போட்டுக்கொள்ளலாம் என்றார். பாதுகாப்பு அதிகாரிதான், "கட்டு ஆள் தலைமேல ஆடினா மட்டும் வேலை கெடாதா?" என்று கேட்டார்.

கடைசியில் முடிவானது இது. மதியத்துக்கு முன்னால் ஒருமுறை நான் இறங்கலாம், அந்த நேரத்துக்குக் கான்கிரீட் வண்டி வரச் சொல்லக் கூடாது. கிரேன் காலடியிலேயே எனக்கு ஒரு பாத்ரூம், சாவி என் பையில். ஒரு மாதம் பார்க்கலாம் என்று இன்ஜினியர் உர்ரென்று சொன்னார். பார்க்கட்டும்.

நேற்று மறுபடி ஏறினேன். அதற்கு முன்னால் சாப்பிட்டேன், அண்ணா. கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவசரப்படாமல். முட்டை, ரொட்டி, பழம். பாலைத் தனியாகத்தான் குடித்தேன், அண்ணிக்குச் சொல்லுங்கள். இரண்டு டம்ளர் தண்ணீர். நர்ஸ் வாசலில் நின்று, "என் பங்கு எங்கடி?" என்றாள். போய் வரிசையில் நில்லு என்றேன். மேலே போய் லீவரைப் பிடித்து, முதல் கம்பிக் கட்டை ஒரே மூச்சில் ஏற்றினேன். சாப்பிட்ட உடம்பு எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

வெயில் ஏறியதும் இறங்க வேண்டியிருந்தது. பழக்கதோஷத்தில் கொஞ்ச நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் வாக்கி-டாக்கி பொத்தானை அழுத்தி, "இறங்கறேன்" என்றேன்.

சுமையைத் தரையில் இறக்கி, கொக்கியை மேலே ஏற்றி, கிரேனின் கை காற்றோடு திரும்பட்டும் என்று பிரேக்கைத் தளர்த்திவிட்டு ஏணியில் கால் வைத்தேன். வாக்கி-டாக்கியில் யாரோ ஒருவன் சிரித்தான். யாரென்று தெரியவில்லை. கீழே வந்து நிமிர்ந்து பார்த்தேன். சொல்லியும் கேட்காமல் கான்கிரீட் வண்டி ஒன்று வந்து உறுமிக்கொண்டு நின்றது. எல்லா மாடியிலும் மஞ்சள் தொப்பிகள் சும்மா நின்றன. இன்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். மொத்தக் கட்டடமும் எனக்காகக் காத்திருந்தது.

நான் ஓடவில்லை, அண்ணா. நடந்துதான் போனேன்.

உங்கள்,
தங்கை